வீட்டில் மட்டும் திணறிய கம்ப்யூட்டர்

போன மாதம் ஜெயா என் வீட்டுக்கு வந்தாள். நான் இருபத்தைந்து வருடம் போல வேலை பார்த்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை இப்போது நடத்துகிறவள் அவள்தான். என் முதலாளியின் மகள். பையிலிருந்து ஒரு புது லேப்டாப்பை எடுத்து, அடிமூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"பாருங்க அத்த, கம்பெனிக்காரன் மெமரிய போர்டோட சேத்துப் பத்தவச்சுட்டான். கழத்தவும் முடியாது, கூட்டவும் முடியாது. மெதுவா ஓடுதுன்னு யாராவது கொண்டாந்தா புதுசு வாங்கிக்கிடுங்கன்னு சொல்லித்தான் அனுப்பணும் போல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். ஆனால் வீடுகளிலும் ஆபீஸ்களிலும் மேசைக் கம்ப்யூட்டர்கள் இன்னும் எத்தனையோ ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றைத் திறக்கலாம், கழற்றலாம், மாற்றலாம்.

"கடையில புதுசா ரெண்டு பேரு சேந்துருக்காங்க. மெதுவா இருக்குன்னு சொன்ன ஒடனே எதையாவது ஒண்ண மாத்திருதாங்க. நீங்களும் அப்பாவும் பாத்த விதத்த எழுதிக் குடுங்க, வாசிக்கக் குடுக்கேன்" என்றாள்.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோல எழுதுகிறேன்.

என் ஊர் வ. புதுப்பட்டி. டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, கம்ப்யூட்டரில் ஒரு டிப்ளமோவும் வாங்கி, ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலை ஆபீசில் கணக்கு ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மிஷின் நின்றுபோனால் வந்து பார்க்கிறவர் சஞ்சீவி ராஜா. அவரும் முன்பு ஒரு மில்லில் கரண்டு வேலை பார்த்தவர்தான்; வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் கம்ப்யூட்டர் கேபினெட்டைத் திறந்தால் நான் என் நாற்காலியை விட்டு எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பேன். ஒருநாள், "இம்புட்டு கேக்குதீங்களே, பேசாம கடைக்கு வந்துருங்கம்மா" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரோ என்னவோ, நான் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த மாதமே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஸ்க்ரூ கழற்றியது, தூசி ஊதியது, கையில் கீறிக்கொண்டது எல்லாவற்றையும் எழுத வேண்டியதில்லை. ஜெயா கேட்பது வேறு.

ராஜா சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மெதுவாக ஓடுகிறது என்று மிஷின் வந்தால் உடனே திறக்க விடமாட்டார். நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் போதும், "ஆகம்மா" என்பார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தம். மிஷினுக்கு மானிட்டரும் கீபோர்டும் மாட்டச் சொல்லுவார். கொண்டுவந்தவரையே நாற்காலியில் உட்காரவைத்து, "ஒங்க வேலைய நீங்க பாருங்க. ஆபீசுல எப்படிப் பாப்பீகளோ அப்படி" என்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த இடத்துல ஒங்களுக்குக் கோவம் வருது?"

அவர்கள் முதலில் சிரிப்பார்கள். செத்த நேரத்தில், வேலையில் மூழ்கியதும், அவர்களே காட்டிக்கொடுத்துவிடுவார்கள். ஒருவர் மேசையில் விரலால் தட்டுவார். ஒருவர் மௌஸைத் தூக்கித் தூக்கி வைப்பார். ராஜா சார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் பக்கவாட்டில் நிற்பார். அவர் பார்ப்பது இரண்டுதான். ஒன்று அந்த ஆளின் முகம். இன்னொன்று கேபினெட் முகப்பில் மின்னும் சின்னச் சிவப்பு விளக்கு. டிஸ்க் வேலை செய்யும்போது எரிகிற விளக்கு அது. பிற்பாடு டாஸ்க் மேனேஜர் வந்தது. ப்ராசஸர், மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றும் எவ்வளவு பாரம் சுமக்கிறது என்று திரையிலேயே தெரியும். அப்போதும் அவர் முகத்தைப் பார்ப்பதை விடவில்லை. கோபம் வருகிற நொடியில் எது முட்டி நிற்கிறதோ அதுதான் அந்த மிஷினின் பலவீனமான இடம் என்பது அவர் கணக்கு.

அதைத்தான் மாற்றுவோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு அதே ஆள், அதே வேலையை மறுபடி செய்து பார்க்க வேண்டும். கழற்றிய பழைய சாமானைக் கவரில் போட்டு அவரிடமே கொடுத்துவிட வேண்டும். "அது அவிய பொருளு" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மில் கணக்கர் வந்தார். மிஷின் பழசு. பார்த்ததுமே, "ப்ராசஸர் மாத்தணும் சார்" என்றேன். "ஆகம்மா" என்றார் ராஜா சார். கணக்கர் உட்கார்ந்தார். முதல் புரோகிராம் வேகமாகத் திறந்தது. இரண்டாவதும் திறந்தது. சம்பளக் கணக்கை மூன்றாவதாகத் திறந்தார். சிவப்பு விளக்கு எரிந்தது எரிந்தபடி நின்றுவிட்டது. கணக்கர் பெருமூச்சு விட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். மெமரியில் இடம் இல்லாமல் மிஷின் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்து, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. ப்ராசஸர் அது வரும்வரை சும்மாதான் உட்கார்ந்திருந்தது. மெமரியில் ஒரு துண்டு கூட்டினோம், சரியாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டிருந்தால் புது ப்ராசஸரும் அதே மாதிரி உட்கார்ந்திருக்கும்.

இன்னொருவர் போட்டோ ஸ்டுடியோ குணசேகரன். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவர். மதுரையில் போய்ப் பெரிய கிராபிக்ஸ் கார்டாக வாங்கி அவரே மாட்டிக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் ஓடுது. தாலி கட்டுத எடம் வந்தா மட்டும் பொசுக்குன்னு அணஞ்சுருது" என்று வந்து நின்றார். கார்டு ஓட்டை என்பது அவர் முடிவு. ராஜா சார் அவரை வேலை செய்யவைத்துப் பார்த்தார். தாலி கட்டுகிற இடத்தில் அவர் பூமழை தூவியிருந்தார். கார்டுக்குப் பெரிய வேலை அங்கேதான் வந்தது. கார்டு கரண்டை இழுத்ததும் மிஷின் அணைந்தது. ராஜா சார் கரண்டு கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றச் சொல்லி, உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார். "ஒண்ணுமில்லாத டிபன் டப்பா கணக்கால்ல இருக்கு" என்றார். கனமான பெட்டி ஒன்று மாட்டினோம். குணசேகரன் அன்று கடையிலேயே வீடியோவை முழுக்க ஓட்டிக் காட்டினார். முகம் தெரியாத யாருடைய கல்யாணத்தையோ நாங்கள் டீ குடித்துக்கொண்டே பார்த்தோம்.

இனி நான் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன்.

தங்கப்பாண்டி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பார்வை போய்விட்டது. வெகுகாலம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டெலிபோன் பூத் வைத்திருந்தார். எல்லார் கையிலும் செல்போன் வந்ததும் பூத்தில் ஈ ஓட்ட வேண்டியதாகிவிட்டது. மூடிவிட்டார். அப்புறம் மதுரையில் தங்கி, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்து டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு வந்தார். கோர்ட் வக்கீல்கள் செல்போனில் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் கேட்டு, மனுவாக அடித்து அனுப்பும் வேலை. மனைவி பாக்கியம் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனிக்குப் போகிறவர்.

அவர்கள் முதல்முறை வந்தபோது பாக்கியம் கேபினெட்டைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். ராஜா சார் வழக்கம்போலத் தங்கப்பாண்டியை நாற்காலியில் உட்காரவைத்து, எங்கே கோபம் வருகிறது என்று கேட்டார்.

"இவ வாயத் தொறக்கதுக்கு முந்தி" என்றார் தங்கப்பாண்டி.

'இவ' என்பது கம்ப்யூட்டரில் பேசும் பெண் குரல். அவர் ஒவ்வொரு எழுத்தை அடிக்கும்போதும் அது அந்த எழுத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் சரியாக அடித்தோமா என்று அவருக்குத் தெரியும். அதன் வேகத்தை அவர் கூட்டி வைத்திருந்தார். நமக்கு அது சட்டியில் கடுகு பொரிவதுபோலத்தான் கேட்கும்.

"அவளோடதான் குடும்பம் நடத்துதாரு சார். நான் பேசுனா காதுல விழாது, அவ முணங்குனா விழும்" என்றார் பாக்கியம்.

அன்றைக்குச் சுலபமாகத் தெரிந்துவிட்டது. பழைய சுழலும் டிஸ்க் தேய்ந்துபோய்த் திணறிக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு, சுழலும் தட்டே இல்லாத புது வகை டிஸ்க் ஒன்றைப் போட்டோம். தங்கப்பாண்டி உட்கார்ந்து அடித்துப் பார்த்தார். குரல் அவர் விரலோடு சேர்ந்து ஓடியது. அவர் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தார். பாக்கியம் தோளில் கை வைத்து, "பஸ்ஸு போயிரும்" என்று சொல்லித்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

சில மாதம் கழித்துத் திரும்ப வந்தார்கள்.

"காலையில நல்லாத்தான் பேசுதா. மதியச் சாப்பாட்டுக்குப் பொறவு இழுக்கா. நான் ஒரு எழுத்து அடிச்சா, கொட்டாவி விட்டு முடிச்சுட்டு வந்து சொல்லுதா. உள்ள சுத்துத காத்தாடிச் சத்தமும் கூடிருது" என்றார்.

மிஷினைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டோம். காலையில் போட்டது சாயங்காலம் வரை ஓடியது. நானே அவருடைய மென்பொருளில் டைப் அடித்துப் பார்த்தேன். ஒரு திணறலும் இல்லை. தூசியை ஊதிவிட்டுக் கொடுத்தனுப்பினோம். வீட்டுக்குப் போனதும் மறுபடி அதே கதை. திரும்பக் கொண்டுவந்தார்கள். திரும்பவும் கடையில் நன்றாக ஓடியது. "ஒங்களப் பாத்தா மட்டும் ஒழுங்கா நடந்துக்கிடுதா" என்று தங்கப்பாண்டி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்கியம் கேபினெட்டை மடியில் ஏந்திக்கொண்டு பஸ் ஏறியதைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் போன் செய்தார். குரலில் விளையாட்டு இல்லை.

"அக்கா, ஒரு பெரிய வக்கீலு தன் ஆபீஸு வேலை முழுக்க எனக்கே தாரேன்னாரு. இந்த வாரம் பாத்துட்டுச் சொல்லுவாரு. கோர்ட் முடிஞ்சு சாயங்காலந்தான் பேசி அனுப்புதாரு. அந்நேரந்தான் இவளும் இழுக்கா. நேத்து அனுப்பினது லேட்டு. குமாஸ்தா போன் போட்டு, இன்னொரு தடவ இப்படின்னா கோர்ட்டுக்கு எதுத்தாப்புல இருக்க கடையிலயே குடுத்துக்கிடுதோம்னுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூத்து போனப்ப எனக்கு வயசு இருந்துச்சு. இப்ப இன்னொண்ணு படிக்க முடியாதுக்கா."

ராஜா சாரிடம் சொன்னேன். "நீயே நேர்ல போய்ப் பாத்துரும்மா. அவர் எடத்துல வச்சே பாரு" என்றார். மறுநாள் மதியம் பஸ் ஏறினேன்.

கோர்ட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் வீடு. மேலே சிமெண்டு ஷீட். உள்ளே நுழைந்ததுமே வெக்கை முகத்தில் அடித்தது. பாக்கியம் அன்று லீவு போட்டிருந்தார். ஆசாரி செய்து கொடுத்த மரமேசை. அதன் இடப்பக்கம் கேபினெட் நிற்பதற்கென்றே ஒரு பொந்து. கேபினெட் அதற்குள் நிமிர்ந்து கச்சிதமாக நின்றது. தங்கப்பாண்டி காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் கடுகுப் பொரியல் இல்லை. ஒரு எழுத்து வந்தது. நின்றது. அடுத்த எழுத்து வந்தது. அவர் அடித்த சொல் முடிந்து வெகுநேரம் கழித்துக் குரல் அதை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் சும்மா இருந்தது. மெமரியில் இடம் இருந்தது. ப்ராசஸர்தான் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

வாசலுக்கு வந்து ராஜா சாருக்குப் போன் போட்டேன்.

"அப்ப ப்ராசஸர்தான் பத்தல. அதுவும் பழசுதான. போர்டு, ப்ராசஸர், மெமரி மூணையும் சேத்து மாத்தணும்னு சொல்லிரு."

"கடையில நல்லா ஓடுச்சே சார்."

"கடையில நீதான அடிச்ச. அவர் வேகத்துக்கு ஒன்னால அடிக்க முடியுமா?"

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. மூன்றையும் மாற்றுவதென்றால் சாமான் வரவழைக்க வேண்டும், எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். அந்த வாரத்து வேலை போய்விடும். வாரத்தோடு வக்கீலும் போய்விடுவார். உள்ளே திரும்பி வந்து, சார் சொன்னதை இன்னும் சொல்லாமல், "காத்தாடி ஒழுங்கா சுத்துதான்னு ஒரு தடவ பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"அணைச்சுராதீக. ஒரு மனு பாதியில இருக்கு. சேவ் பண்ணச் சொல்லியும் அவ இன்னும் பதில் சொல்லல" என்றார் தங்கப்பாண்டி.

ஓடுகிற மிஷினை அசைப்பது எங்கள் கடையில் கூடாத காரியம். பழைய டிஸ்க் என்றால் சுழலும்போது அசைந்தால் கெட்டுவிடும். இப்போது இருப்பது சுழலாத டிஸ்க் என்பதால் துணிந்தேன். பொந்தில் இருட்டு, உள்ளே வைத்துத் திறக்கவும் வழியில்லை. கேபினெட்டை வயர்களோடு மெல்ல வெளியே இழுத்துத் தரையில் பாய் விரித்துப் படுக்கப்போட்டேன். பக்கத்து மூடியின் ஸ்க்ரூ இறுகிப்போய் இருந்தது. அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஸ்பீக்கரில் குரல் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

தங்கப்பாண்டி தலையை நிமிர்த்தினார். நாலைந்து எழுத்தைத் தட்டினார். குரல் கூடவே வந்தது.

"என்ன செஞ்சீக?"

"ஒண்ணும் செய்யல. படுக்கப் போட்டேன்."

"படுக்கப் போட்டா?"

எனக்கும் விளங்கவில்லை. அவர் மனுவைச் சேவ் செய்துகொண்டதும், கேபினெட்டைத் தூக்கி நிமிர்த்தி வைத்தேன்.  அவர் அடித்துக்கொண்டே இருந்தார். முதலில் நன்றாகத்தான் இருந்தது. பிறகு காத்தாடிச் சத்தம் கூடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் குரல் இழுக்கத் தொடங்கியது. மறுபடி படுக்கப்போட்டேன். குரல் மெல்ல மெல்லத் தெளிந்து பழைய வேகத்துக்கு வந்தது.

மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ராசஸர் மேல் ஒரு இரும்புக் கட்டி மாதிரி ஹீட்சிங்க் உட்கார்ந்திருக்கும். ப்ராசஸரின் சூட்டை வாங்கி வெளியே விடுவது அதன் வேலை. நாலு மூலையிலும் நாலு பிளாஸ்டிக் ஆணிகள் அதைப் போர்டோடு பிடித்திருக்கும். அதில் ஒன்று, நிமிர்த்தி வைத்தால் மேலே வருகிற ஒன்று, முறிந்திருந்தது. சூட்டில் காய்ந்து காய்ந்து முறிந்ததோ, பஸ் குலுக்கலில் முறிந்ததோ தெரியாது. கேபினெட்டை நிமிர்த்தினால் கட்டி தன் கனத்தில் முன்னால் சாய்ந்து, மேல் பக்கம் மெல்லிசாக இடைவெளி விட்டது. சூடு வெளியேற வழியில்லை. ப்ராசஸர் வெந்துபோகாமல் இருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. ஷீட் வீட்டு மதிய வெக்கையில் அது சீக்கிரமே நடந்தது. படுக்கப்போட்டால் கட்டி தன் கனத்தாலேயே ப்ராசஸர் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

கடையில் நாங்கள் எல்லா மிஷினையும் படுக்கப்போட்டுத்தான் பார்ப்போம். திறக்க, மாட்ட அதுதான் வசதி.

நான் அந்த முறிந்த ஆணியைக் கையில் எடுத்து, "இதுதான்" என்று தங்கப்பாண்டியின் விரலில் வைத்தேன். அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுக்காணுதானா?"

"அப்ப இப்படியே படுக்கவே கெடக்கட்டும். நல்லாத்தான ஓடுது" என்றார் பாக்கியம்.

அதைவிட நல்ல யோசனை அன்று எனக்கும் இல்லை. பாயை எடுத்துவிட்டு ஒரு பலகை போட்டு அதன்மேல் கிடத்தினோம். சாயங்காலம் வக்கீலின் பதிவு வந்தது. தங்கப்பாண்டி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடித்தார். பாக்கியம், ராணுவத்தில் இருக்கும் தன் அண்ணன் போன் செய்தும் எடுக்காமல், கேபினெட் பக்கம் யாரும் மிதித்துவிடக் கூடாது என்று பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மனு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குமாஸ்தா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே போதும் என்றார் தங்கப்பாண்டி.

ராஜா சாருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.  

"நாம படுக்கப் போட்டுப் பாத்தோம்" என்றார்.

"ஆமா சார்."

"நாளைக்கு நானே வாரேன்."

அந்தக் காலத்தில் அவர் வீடுகளுக்குப் போவதை விட்டிருந்தார். மறுநாள் என்னோடு பஸ்ஸில் வந்தார். பிளாஸ்டிக் ஆணி இல்லாமல், போர்டுக்குப் பின்னால் ஒரு தகடு வைத்து ஸ்க்ரூவில் இறுக்குகிற, ஹீட்சிங்கும் காத்தாடியும் சேர்ந்த கூலர் ஒன்று கையில். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பழைய கட்டியைக் கழற்றி, ப்ராசஸர் மேல் பொருக்காகக் காய்ந்திருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் துணியில் ஸ்பிரிட் தொட்டுத் தொட்டுத் துடைத்தார். புதுப் பேஸ்டைத் துவரம்பருப்பு அளவுக்கு நடுவில் வைத்தார். கூலரை இறக்கி, நாலு ஸ்க்ரூவையும் ஒரே மூச்சில் முறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். நான் அதை எத்தனையோ முறை செய்திருக்கிறேன். அன்று அவர் செய்ததைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல இருந்தது.

பிறகு கேபினெட்டைப் பொந்துக்குள் நிமிர்த்தி வைத்து, "ஒங்க வேலைய நீங்க பாருங்க" என்றார்.

வெக்கை ஏறிய மதியம் முழுக்கத் தங்கப்பாண்டி அடித்தார். ராஜா சார் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை. குரல் ஒரு இடத்திலும் இழுக்கவில்லை.

"இது என்ன பாஷங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"தமிழ்தான் சார்."

"எனக்கு ஒரு எழுத்துக்கூட வெளங்கல."

தங்கப்பாண்டி சிரித்தார். ஏதோ இரண்டு விசையைத் தட்டிக் குரலின் வேகத்தைக் குறைத்தார். பிறகு ஒரு வரி அடித்து அதை வாசிக்கவைத்தார். அந்தப் பெண் குரல் நிறுத்தி நிதானமாகச் சொன்னது: "ராஜா சார் வந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார். காபி சாப்பிடுகிறாரா என்று பாக்கியம் கேட்கவில்லை."

"அய்யய்யோ, பாலு காயுது சார், அதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டாரு" என்று பாக்கியம் அடுப்படிக்கு ஓடினார்.

"சாப்பிடுதேன்னு அடிங்க" என்றார் ராஜா சார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பெரிய வக்கீலின் ஆபீஸ் வேலை தங்கப்பாண்டிக்கே வந்தது. இன்றைக்கும் அந்த வேலைதான் பார்க்கிறார். மிஷின் நடுவில் ஒருமுறை மாறிவிட்டது, குரல் அதேதான்.

அன்று திரும்பி வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். ராஜா சார் முகம் தெளியவில்லை. வேலை நல்லபடியாக முடிந்ததே, பிறகு ஏன் இப்படி இருக்கிறார் என்று நினைத்தேன்.

"சாந்தி, நான் நேத்து போன்ல சொன்னபடி நீ போர்டையும் ப்ராசஸரையும் மாத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

"வீண் செலவு சார். அவருக்கு அந்த வாரமும் போயிருக்கும்."

"அது இல்ல. புது ப்ராசஸரோட புது கூலர் வந்திருக்கும். புது ஆணி இருந்திருக்கும். மிஷின் நல்லா ஓடியிருக்கும்." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ப்ராசஸர்தான் பலவீனம், நான் சொன்னது சரின்னு கடைசிவரைக்கும் நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன். இதுக்கு முந்தி எத்தன மிஷின்ல அப்படி நெனச்சிருக்கேனோ."

  பஸ் வந்தது. நின்றுகொண்டேதான் வந்தோம். இறங்கியதும் வழக்கம்போல, "வாரேம்மா" என்று சொல்லிவிட்டு, வீட்டுப் பக்கம் போகாமல் கடைப் பக்கம் திரும்பினார்.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போனபோது வேலை மேசை சுவரோரமாக நகர்ந்திருந்தது. தங்கப்பாண்டியின் மேசைப் பொந்துபோல அதன் மேல் தடுப்புப் பலகைகள் அடிக்கப்பட்டிருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த மூன்று மிஷின்களும் மூடி போட்டு, ஸ்க்ரூ இறுக்கி, அவரவர் வீட்டில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று ஓடிக்கொண்டிருந்தன. ராஜா சார் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.